ஒரு வருடம் நிறுத்தி கிளாட் மறுபடி எழுதலாமா?

கேள்வி: "டிசம்பரில் எழுதிய கிளாட்டில் (தேசியச் சட்டப் பல்கலைகளுக்கான நுழைவுத் தேர்வு) 120-க்கு 61.25 வந்திருக்கிறது. 68 சரி, 27 தப்பு, மீதியைத் தொடவில்லை. கொச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலை நுவால்ஸ் கிடைக்காது. கேரளாவில் வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் குடும்பம், பத்தாவது வரை தமிழ் மீடியம். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. கிடைக்கிற காலேஜில் ஏதாவது டிகிரி சேரச் சொல்கிறார்கள் வீட்டில். ஒரு வருடம் நிறுத்தி மறுபடி எழுதலாமா?"

தம்பி, 2021-ல் நானும் இதே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குத் தமிழில் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. மாநிலம் கேரளா, பேச்சு தமிழ். பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் ஒன்னில்தான் ஆங்கிலத்துக்கு மாறினேன். 2021 ஜூலை 23 அன்று முதல் கிளாட், 2022 ஜூன் 19 அன்று இரண்டாவது. இப்போது திருச்சூர் அரசு சட்டக் கல்லூரியில் நாலாம் வருடம். இந்த இடம் கிளாட்டில் கிடைத்ததல்ல, கேரள அரசின் சட்ட நுழைவுத் தேர்வில் கிடைத்தது. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். உங்கள் முடிவுக்கு அதுவும் வேண்டும்.

அப்போது கிளாட்டுக்கு 150 கேள்விகள், இரண்டு மணி நேரம். முதல் தடவை எனக்கு வந்தது 53.5. மாமா வீட்டுக்கே வந்து, "பொம்பளப் புள்ளைய ஒரு வருசம் ஊட்ல வெச்சிருந்தா ஃபெயிலாயிட்டான்னுதான் ஊரு பேசும்" என்றார். அப்பா அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு என்னிடம், "எதுல சாமி மார்க்கு போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எவ்வளவு போனது என்று தெரியும், எதில் போனது என்று நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் கட்டிலில் விரித்து வைத்தேன். என் தம்பியின் கலர் பென்சில் மூன்று எடுத்துக்கொண்டேன். நிதானமாகப் படித்தும் தப்பானதற்குச் சிவப்பு. அவசரத்தில் குத்துமதிப்பாகக் குறித்ததற்கு மஞ்சள். தொடவே இல்லாததற்கு நீலம். கணக்கு இப்படி வந்தது: தொட்டது 96, சரி 62, தப்பு 34. ஒவ்வொரு தப்புக்கும் கால் மார்க் போனால் 8.5 கழியும், ஆக 53.5. அந்த 34 தப்பில் சிவப்பு 13, மஞ்சள் 21. நீலம் 54.

அடுத்த இரண்டு நாளில் அந்த 54 கேள்விகளையும் கடிகாரம் பார்க்காமல் போட்டேன். 38 சரி. தப்புக்குக் கழித்தாலும் 34 மார்க். என் கையில் இருந்தும் ஹாலில் எடுக்க முடியாமல் போன மார்க் அது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய், "படிக்கிற வேகம் இல்லப்பா, அதுலதான் போச்சு" என்றேன். "வேகந்தானே? தென்னம்பிள்ளை வெச்சுட்டு அஞ்சு வருசம் பாத்துக்கிட்டு இருக்கறமல்ல, உனக்கு ஒரு வருசம் பாக்க மாட்டமா?" என்றார். அன்றைக்குத்தான் மறுபடி எழுதுவதென்று முடிவு செய்தேன்.

அதனால் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். நீங்கள் தொடாதது 25. இந்த வாரமே அதைத் தனியாக உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். அதில் பதினெட்டு இருபது சரியாக வந்தால் உங்களுக்கும் என் வியாதிதான், அதற்கு ஒரு வருடம் நல்ல மருந்து. ஐந்தோ ஆறோதான் வருகிறது, தப்பான 27-லும் பெரும்பாலானவை நிதானமாகப் படித்துத் தப்பானவை என்றால் விஷயம் வேறு. வீட்டில் தனியாக உட்கார்ந்து இன்னொரு வருடம் படித்தால் அதே தப்பைத்தான் இன்னும் வேகமாகச் செய்வோம். அதற்குச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் வருடத்தை நிறுத்தாதீர்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வேகம் ஏன் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதை எந்த கோச்சிங் வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. கிளாட் முழுக்க ஆங்கிலம். ஒரு பேசேஜ் சுமார் 450 சொல் வரை போகும், அதன் கீழே நாலைந்து கேள்வி. இப்போதுள்ள 120 கேள்விக்குக் கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் சொல் படிக்க வேண்டும், கேள்விகளும் விடைகளும் தனி. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் தமிழாக்கி, அப்புறம்தான் அடுத்ததற்குப் போவேன். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்துவிடும். அதனால் நீண்ட வாக்கியம் என்றால் கடைசி வரை போய்த் திரும்பி வருவேன். 'அன்லெஸ்', 'நாட்வித்ஸ்டாண்டிங்' மாதிரிச் சொல் வந்தால் மூன்று தடவை. சட்டப் பகுதியில் அந்தச் சொற்கள்தான் முழுக்க.

இதை மாற்ற நான் செய்தது ஒன்றே ஒன்று. எங்கள் தோப்பில் தென்னையைக் கள்ளுக்கு விட்டிருக்கிறோம். காலையில் மரம் ஏறுகிற அண்ணன் பாளையைத் தட்டுகிற சத்தம் டொக் டொக்கென்று திண்ணை வரை கேட்கும். அவர் ஒரு மரம் ஏறி, பாளையைத் தட்டி, சீவி, கள்ளை ஊற்றிக்கொண்டு இறங்குவதற்குள் ஒரு பேசேஜையும் அதன் கேள்விகளையும் முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதம் அவர் மூன்றாவது மரத்தில் இருக்கும்போது நான் முதல் பேசேஜில் இருந்தேன். தமிழாக்கிப் பார்க்க நேரமே கிடைக்காதபடி கண்ணை ஓட்ட வேண்டியிருந்தது. முதலில் ஒன்றும் புரியாது. விடாதீர்கள். எனக்குப் பொங்கலுக்குப் பக்கத்தில் ஒரு நாள், படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், தமிழில் யோசிக்காமலே புரிந்திருந்தது. சாயங்காலம் வாயனசாலைக்கு (ஊர் நூலகம்) போய் ஆங்கிலப் பேப்பரின் நடுப்பக்கக் கட்டுரைகள் இரண்டு படிப்பேன். தெரியாத சொல்லை அப்போது தேடுவதில்லை, வீட்டுக்கு வந்துதான்.

மற்ற பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு 10 முதல் 14 கேள்விதான், பத்தாம் வகுப்புத் தரம். நடப்புச் செய்திகளும் பொது அறிவும் 28 முதல் 32 கேள்வி வரை. போன வருடம் படித்த செய்திகள் அடுத்த வருடத்துக்குப் பெரிதாக உதவாது என்பதை மட்டும் மனசில் வையுங்கள். அது மறுபடி முதலிலிருந்துதான். வாசிப்பு வேகம் மட்டும்தான் சேர்த்து வைத்தபடியே இருக்கும்.

அப்புறம் காலண்டர். நான் எழுதியபோது தேர்வு ஜூன், ஜூலையில் இருந்தது. இப்போது டிசம்பர். நீங்கள் நிறுத்தினால் டிசம்பரில் தேர்வு முடியும், கல்லூரி அதற்கடுத்த வருடம் நடுவில்தான் திறக்கும். படிப்பு ஆறேழு மாதம், காத்திருப்பு ஆறு மாதம். வீட்டில் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஜனவரியில் "இன்னும் ஏன் சும்மா இருக்கே" என்று ஆரம்பிப்பார்கள். தேதியை நம்பியும் இருக்க முடியாது. 2024 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்வின் விடைக்குறிப்பு வழக்காகி, டெல்லி உயர் நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று 2025 மே வரை போனது. அத்தனை பிள்ளைகளும் அத்தனை மாதமும் காத்திருந்தார்கள்.

வயதைப் பற்றிப் பயப்பட வேண்டாம், இளநிலை கிளாட்டுக்கு மேல் வயது வரம்பு இல்லை, இத்தனை தடவைதான் எழுதலாம் என்றும் இல்லை.

இனி நம் மாதிரி எல்லைப்பக்கத்துத் தமிழர்களுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம். இதைத் தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்மொழி தமிழ் என்பதால் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் வந்துவிட மாட்டோம். கேரளாவில் குடியிருந்தால் நாம் கேரளக்காரர்கள். நுவால்ஸில் கேரள ஒதுக்கீடு நமக்கு உண்டு, திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலையின் தமிழ்நாட்டு ஒதுக்கீடு கிடையாது. எஸ்டேட் குடும்பங்களுக்கு ஜாதிச் சான்றிதழ் இன்னொரு பெரிய சிக்கல். பட்டியல் சாதிக் குடும்பம் என்றால், 1950-க்கு முன்பே கேரளாவில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தா காலத்து எஸ்டேட் பதிவேடு, பள்ளிக்கூடப் பதிவு எதுவாக இருந்தாலும் இப்போதே தேட ஆரம்பியுங்கள். என் வகுப்பில் பீர்மேடு பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். மார்க் இருந்தது, காகிதம் வர நான்கு மாதம் தாமதமானது, அந்த வருட இடம் போனது. அவன் இரண்டாவது தடவை எழுதியது மார்க்குக்காக இல்லை, காகிதத்துக்காக. உங்களுக்கும் பிரச்சினை காகிதத்தில் இருந்தால் எத்தனை மாக் டெஸ்ட் எழுதினாலும் அது தீராது.

சரி, என் இரண்டாவது தடவைக்கு வருகிறேன். 138 கேள்வி தொட்டேன். 86 சரி, 52 தப்பு. மார்க் 73. பழைய 53.5-உடன் அந்த 34-ஐக் கூட்டி நான் கணக்குப் போட்டிருந்த 87.5 வரவில்லை, நுவால்ஸ் பட்டியலிலும் என் பெயர் வரவில்லை. அன்றைக்கு நன்றாக அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வருடமே கேரளச் சட்ட நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தேன். அதே வாசிப்பு, அதே பொது அறிவு. கேள்விகளை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்க நேரம் இருந்தது, என் வாழ்க்கையில் முதல் தடவையாக. திருச்சூர் கிடைத்தது. தேசியச் சட்டப் பல்கலைகளில் வருடத்துக்கு லட்சக்கணக்கில் போகும் செலவு இங்கே இல்லை. அப்பா கள்ளுக்கு விட்ட மரத்துக் காசிலேயே ஃபீஸ் கட்டி முடிந்துவிடுகிறது.

அதனால் உங்களுக்கு என் யோசனை இது. இப்போதைக்கு "நிறுத்துவதா வேண்டாமா" என்று பேசுவதையே மார்ச் வரை நிறுத்துங்கள். பிளஸ் டூ மார்க்கை நன்றாக எடுங்கள். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, அந்த மார்க்கை வைத்துத்தான் எடுக்கிறார்கள். வேறு மாநிலத்தவரைப் பொதுப்பிரிவில்தான் வைப்பார்கள் என்பதால் மார்க் அதிகம் வேண்டும். ஆனால் குமுளி இறங்கினால் கம்பம், அதற்கப்பால் தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பம் போடாமல் விடாதீர்கள். கேரள நுழைவுத் தேர்வையும் கட்டாயம் எழுதுங்கள். திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு, நான்கிலும் அரசுக் கல்லூரி.

இவற்றில் ஒன்று கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள். கிளாட்டை மறுபடி எழுத வேண்டாம் என்பேன். சிலர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், தேசியச் சட்டப் பல்கலை என்றால் வேலை வாய்ப்பே வேறு என்பார்கள். பெரிய நிறுவனங்களில் வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் அவர்கள் சொல்வது சரி, மறுபடி எழுதுங்கள். பீர்மேடு கோர்ட்டில் நின்று எஸ்டேட் ஆட்களுக்காகப் பேச வேண்டும் என்றால், எங்கே படித்தாலும் வக்கீலாகிற பார் கவுன்சில் பதிவு ஒன்றுதான். வக்கீல் தொழில் செய்யத் தேவையான அகில இந்திய பார் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

எதுவும் கிடைக்காமல் விருப்பமில்லாத ஒரு டிகிரிதான் கையில் இருக்கிறது, நீல நிறக் கேள்விகளும் வீட்டில் போடும்போது சரியாக வருகின்றன என்றால், தைரியமாக நிறுத்துங்கள். அப்போதும் வீட்டில் டிகிரிதான் என்று ஒற்றைக் காலில் நின்றால் அதுவும் மோசமில்லை, டிகிரிக்குப் பிறகு மூன்று வருடச் சட்டப் படிப்பு இருக்கிறது. என் கல்லூரியில் அப்படி வந்த அக்காமார் சிலர் எங்களைவிட நன்றாகவே வாதாடுகிறார்கள்.

இன்றைக்கு ராத்திரி அந்த 25 கேள்வியை எடுத்துப் போடுங்கள். எத்தனை சரி என்ற எண்ணையும், ஜாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்பதையும் கீழே எழுதுங்கள். நான் சனிக்கிழமை ஊருக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து பதில் போடுகிறேன்.