பிஸ்டல் தோட்டா, ரைஃபிள் உடம்பு: வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்று வசிக்கிறேன். வீட்டில் ஒரு 9 மி.மீ. பிஸ்டல் இருக்கிறது. நானும் மனைவியும் மாதம் ஒருமுறை சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறோம். பிஸ்டல் அவளுக்கு ஒத்துவரவில்லை. குறி எங்கெங்கோ போகிறது. அதே 9 மி.மீ. தோட்டாவைச் சுடும் கார்பைன் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். "பிஸ்டலும் ரைஃபிளும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி" என்கிறார் கடைக்காரர். ஏ.ஆர்.-15 ரைஃபிள் வைத்திருக்கும் என் மச்சானோ, "அது பொம்மை, காசைக் கரியாக்காதே" என்கிறார். வீட்டுப் பாதுகாப்புக்கு இது உதவுமா? வாங்கினால் முதலில் அதில் என்ன மாட்ட வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் வாங்க நினைப்பது, தோளில் வைத்துச் சுடக்கூடிய ஒரு பிஸ்டல். ரைஃபிள் செய்யும் வேலையை அதனிடம் கேட்டால் மச்சான் சொன்னதுதான் நடக்கும். பிஸ்டல் செய்யும் வேலையைக் கேட்டால், உங்களிடம் இருக்கும் பிஸ்டலைவிட நன்றாகவே செய்யும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் ரைஃபிள் வேலை எதுவும் இல்லை. அதனால் என் பதில், வாங்கலாம்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. உங்களுக்குக் கிரீன் கார்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், மனைவிக்கு இருக்கிறதா என்று எழுதவில்லை. எச்-1பி, எச்-4, மாணவர் விசா போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் இதில் வரும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்களில் பலர் இது தெரியாமல் வார இறுதியில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போகிறார்கள். மாட்டினால் வழக்கோடு குடியுரிமைக் கனவும் சேர்ந்து போகும். மனைவி இன்னும் விசாவில்தான் இருக்கிறார் என்றால், கார்பைனை ஓரம் வைத்துவிட்டு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவருக்கும் கார்டு இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

பிஸ்டலைத் தாங்குவது இரண்டு கைகள் மட்டும்தான். டிரிகரை இழுக்கும்போது விரல் சற்றே பக்கவாட்டில் தள்ளினாலும், வரப்போகும் உதைக்குப் பயந்து மணிக்கட்டு முன்கூட்டியே இறங்கினாலும், பத்து கெஜத்திலேயே குண்டு வட்டத்தை விட்டு வெளியே போய்விடும். கார்பைனுக்குத் தோளும் கன்னமும் கூடுதல் பிடிமானம். எடையும் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு பவுண்டு வரை இருக்கும் என்பதால், விரல் செய்யும் சின்னத் தப்புகள் குழல் முனைவரை போய்ச் சேர்வதில்லை. பிஸ்டலில் ஏழு கெஜத்துக்கே திணறுகிறவர்கள் கார்பைனை எடுத்த முதல் நாளே ஐம்பது கெஜத்தில் நெருக்கமாகச் சுடுவது ரேஞ்சுகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய காட்சி. மனைவிக்காக வாங்குவதென்றால் இந்த ஒரு காரணமே போதும்.

உதையே இருக்காது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். 9 மி.மீ. கார்பைன்களில் பெரும்பாலானவை 'ப்ளோபேக்' முறையில் இயங்குகின்றன. சுடும் நேரத்தில், தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைத்து நிற்கும் இரும்புத் துண்டான போல்ட்டைப் பூட்டிவைக்க அவற்றில் எதுவும் கிடையாது. குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணியும்வரை போல்ட்டைப் பிடித்துவைப்பது அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே. எனவே போல்ட்டை வேண்டுமென்றே கனமாகச் செய்கிறார்கள். அந்தக் கனம் பின்னால் போய் இடித்து, முன்னால் வந்து இடிக்கும்போது துப்பாக்கி குலுங்கும். போல்ட்டைப் பூட்டி, வாயு அழுத்தத்தால் திறக்கும் ஏ.ஆர்.-15, இதைவிட மிகவும் வலுவான தோட்டாவைச் சுட்டும் சில ப்ளோபேக் கார்பைன்களைவிட மென்மையாகத் தோன்றுவது இதனால்தான். ரூகர் பி.சி. கார்பைனில் போல்ட்டுக்குள் நகரும் டங்ஸ்டன் எடை ஒன்றை வைத்து அந்த இடியைக் குறைத்திருக்கிறார்கள். எம்.பி.5 வகையில் உருளைகள் போல்ட்டைத் தாமதப்படுத்துகின்றன. சிக் எம்.பி.எக்ஸ். வாயுவால் இயங்குகிறது. கடைசி இரண்டும் சுகமாகச் சுடும், விலையும் அதற்கேற்ப ஏறும். கனமான போல்ட்டை இழுத்துத் தோட்டாவை ஏற்றவும் பலம் வேண்டும். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்கச் சிரமப்படுகிறவர் இதிலும் சிரமப்படலாம். கடையிலேயே மனைவியை நாலைந்து முறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மச்சானின் 'பொம்மை'. நீளமான பேரல் (குழல்) வந்துவிட்டால் பிஸ்டல் தோட்டா ரைஃபிள் தோட்டாவாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. 115 கிரெய்ன் எடையுள்ள சாதாரண 9 மி.மீ. குண்டு பிஸ்டலிலிருந்து வினாடிக்குச் சுமார் 1,150 அடி வேகத்தில் கிளம்பும். 16 அங்குல பேரலில் அது 1,300 அடியை ஒட்டி வரும். அவ்வளவுதான் லாபம். அந்தத் தோட்டாவில் இருக்கும் கொஞ்ச வெடிமருந்து பத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேல் இருக்கும் பேரல் பெரும்பாலும் சட்டத்துக்காக இருப்பது. 1934-இன் தேசியச் சுடுகலச் சட்டப்படி, 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் உள்ள ரைஃபிளைத் தனியாகப் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். ஏ.ஆர்.-15-இன் குண்டு எடையில் இதில் பாதிகூட இல்லை. ஆனால் வேகம் 3,000 அடியைத் தாண்டும். குண்டு சுமந்துபோகும் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். கார்பைனை ஐம்பது கெஜத்தில் குறியும் குண்டும் ஒன்றாகப் படும்படி 'ஸீரோ' செய்தால், நூறு கெஜத்தில் குண்டு ஐந்தாறு அங்குலம் இறங்கியிருக்கும். இருநூறு கெஜத்தில் மூன்று அடிக்கும் மேல். நூறு கெஜத்தைத் தாண்டிச் சுட ஆசை வந்தால் மச்சான் துப்பாக்கியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு, ரிவால்வர் தோட்டாவான .357 மேக்னம். மெதுவாக எரியும் மருந்தை நிறைய அடைத்த தோட்டா என்பதால் நீளமான பேரல் அதற்கு உண்மையாகவே பயன்படும். 158 கிரெய்ன் குண்டு ரிவால்வரில் 1,200 அடி சொச்சம், கைப்பிடி நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் கார்பைனில் 1,700 அடிக்கும் மேல். ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரே தோட்டாவை இடுப்பிலும் தோளிலும் பயன்படுத்தும் யோசனை .357-ஐவிடப் பழையது. 1873-இல் வின்செஸ்டர் .44-40 தோட்டாவுக்கு ஒரு லீவர் ரைஃபிளை வெளியிட்டது. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது. குதிரையில் போகிறவனுக்கு ஒரு பை தோட்டா போதும் என்றாயிற்று. உங்களிடம் ரிவால்வர் இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி போயிருக்கும்.

இன்றைக்கு அந்த வசதி, தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டியான மேகசினில் இருக்கிறது. கார்பைனில் பிஸ்டல் மேகசினே பொருந்தினால் மேகசின் செலவு மிச்சம், பழகிய கைக்கும் நல்லது. உங்கள் பிஸ்டல் எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. க்ளாக் என்றால் கவலையில்லை, பாதிக் கடை உங்களுக்காகவே திறந்திருக்கிறது. ரூகர் பி.சி. கார்பைனில் மேகசின் கூட்டை மாற்றி ரூகர், க்ளாக் இரண்டையும் போடலாம். நடுவில் மடிந்து பைக்குள் போய்விடும் கெல்-டெக் சப்-2000-இலும் க்ளாக் மேகசினுக்கான வகை உண்டு. வேறு பிஸ்டல் என்றால், கார்பைனைப் பார்க்கும் முன் மேகசின் பொருத்தத்தைப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கடைக்காரர் சொன்ன இரட்டை லாபத்தில் பாதி காணாமல் போய்விடும். மீதிப் பாதி தோட்டாவில் இருக்கிறது. 9 மி.மீ. பொதுவாக ரைஃபிள் தோட்டாவைவிட மலிவு, ரைஃபிள் தோட்டாவை அனுமதிக்காத உள்ளரங்க ரேஞ்சுகளும் பிஸ்டல் தோட்டாவுக்குத் தடை சொல்வதில்லை. மாதம் ஒருமுறை போகும் நீங்கள் இரண்டு முறை போகலாம்.

வீட்டுப் பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவசரத்தில், அரைத் தூக்கத்தில், குறி தவறாமல் சுட முடிவது பெரிய விஷயம். அந்த வகையில் கார்பைன் பிஸ்டலை வெல்லும். மூடிய அறைக்குள் ரைஃபிளைவிட வெடிச்சத்தமும் தீப்பிழம்பும் குறைவு. குறைவு என்றாலும் வெறும் காது தாங்கக்கூடிய சத்தமல்ல. "பிஸ்டல் தோட்டாதானே, சுவரைத் தாண்டாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர்கள் பலவற்றை 9 மி.மீ. துளைத்துப் போகும். ஏ.ஆர்.-15 சுடும் லேசான, வேகமான .223 குண்டாவது சில சமயம் சுவரில் பட்டுக் குட்டிக்கரணம் போட்டு உடையும். பக்கத்து அறையில் யார் படுத்திருக்கிறார் என்பதை எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் யோசிக்கத்தான் வேண்டும்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் பிஸ்டல் கட்டிலுக்கு அருகே ஒரு சின்னப் பூட்டுப் பெட்டிக்குள் அடங்கும். இரண்டரை அடி நீளக் கார்பைன் அதில் அடங்காது. தனியாக அலமாரிப் பெட்டகம் வேண்டும். அது வேறு அறையில் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அதனால் என்ன பயன்? பெட்டகம் வாங்கச் சோம்பேறித்தனப்பட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பவர்களைத் தெரியும். வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் செய்யாதீர்கள். குழந்தையைத் தூக்க, கதவைத் திறக்க, போனில் 911-ஐ அழைக்க ஒரு கை வேண்டும். பிஸ்டல் அந்தக் கையை விட்டுத்தரும், கார்பைன் தராது. ஆகவே பிஸ்டலை விற்றுவிட்டு இதை வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சட்டம் பற்றி இன்னும் கொஞ்சம். கார்பைன் சட்டத்தின் கண்ணுக்கு ரைஃபிள். பிஸ்டல் எடுத்துச்செல்லும் உரிமம் இருந்தாலும், குண்டு நிரப்பிய கார்பைனைக் காரில் வைக்கப் பல மாநிலங்களில் அனுமதியில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில் மேகசினுக்குப் பத்துத் தோட்டாதான். பிடி, மடியும் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்பகுதி) போன்ற அம்சங்களுக்கும் அங்கே கெடுபிடி உண்டு, அது 9 மி.மீ. கார்பைனையும் விட்டுவைப்பதில்லை. மாநிலத்தை எழுதாததால் இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

முதலில் என்ன மாட்டுவது என்றால், ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் கருவி), ஒரு விளக்கு, ஒரு தோள் வார். ஸ்கோப் வேண்டாம், நூறு கெஜத் துப்பாக்கிக்கு அது வீண் எடை. ரெட் டாட்டை ஐம்பது கெஜத்துக்கு ஸீரோ செய்துகொள்ளுங்கள். சில கார்பைன்களில் அது பேரலுக்கு இரண்டரை அங்குலம் மேலே உட்காரும். அப்போது ஒரு அறையின் தூரத்தில் குண்டு புள்ளிக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் கீழே படும். மனைவியை ஐந்து கெஜத்திலும் சுடச் சொல்லி, அந்த வித்தியாசத்தை அவரே தாளில் பார்க்கும்படி செய்யுங்கள்.