கேள்வி பதில்: எட்டாவது வெற்றி

கேள்வி: ஜப்பானின் சுமோ மல்யுத்த வீரர்கள் பணத்துக்காகத் தோற்றுக்கொடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 15 நாள் தொடரில் 8 வெற்றிகள் பெற்றவர் தரவரிசையில் ஏறுவார், 8 முறை தோற்றவர் இறங்குவார். மேலிருந்து இரண்டாவது பிரிவான 'ஜூரியோ'வுக்குக் கீழே இறங்கியவருக்கு மாதச் சம்பளமே நின்றுவிடும் என்பதால், கடைசி நாளில் ஏழு வெற்றி, ஏழு தோல்வியோடு வளையத்துக்குள் நிற்பவரின் மனத்தை எண்ணிப் பாருங்கள். சுமோ வீரர்கள் பேஸ்பால் ஆட்டங்களின் மீது சூதாடியது பற்றிய விசாரணையில் காவல்துறை கைப்பற்றிய செல்பேசிகளில், முதல் மோதலில் எப்படிப் பாய்வது, பிறகு எப்படி விழுவது என்றுகூடப் பேசிவைத்த குறுஞ்செய்திகள் இருந்தன. இதனால் 2011 மார்ச் மாத ஒசாகா தொடரே ரத்தானது. ஆனால், என்னை அதிகம் வதைப்பது, 2007இல் பயிற்சிக்கூடத்தில் அடிபட்டு உயிரிழந்த 17 வயதுச் சிறுவனின் மரணமே. பீர் பாட்டிலால் அவனைத் தாக்கிய ஆசானுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.