படிக்க நேரமில்லையா, படிக்கவே தோன்றவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 29, வங்கியில் வேலை. குழந்தைக்கு எட்டு மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. முன்பு வாரம் ஒரு நாவல் படிப்பேன், பென்சிலில் படம் வரைவேன். இப்போது ஒரு பக்கம் படித்தால் மேலே என்ன இருந்தது என்றே நினைவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பென்சில் பிடித்தால் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது. பச்சை உடம்போடு படித்ததால் கண் கெட்டுவிட்டது என்கிறார் மாமியார். பிள்ளை பெற்றால் மூளை சுருங்கும் என்று இணையத்தில் பார்த்தேன், வல்லாரை மாத்திரை சாப்பிடுகிறேன். போன ஞாயிறு அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு ‘போய்ப் படி’ என்றார். இரண்டு மணி நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், திறக்கத் தோன்றவில்லை. ஒரு மாதமாகவே எதிலும் மனம் ஒட்டவில்லை. ராத்திரி குழந்தை தூங்கினாலும் மூன்று மணி வரை விழித்திருக்கிறேன். தோழி கொடுத்த தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். பழையபடி ஆவேனா டாக்டர்?

பதில்: ஆவீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் பயப்படுகிற விஷயம் ஒன்று, நான் பயப்படுகிற விஷயம் வேறு.

முதலில் அந்தத் தூக்க மாத்திரை. அதன் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. பால் கொடுக்கும் தாய், அடுத்தவருக்கு எழுதித் தந்த மாத்திரையைப் போடலாமா? இந்த வகை மாத்திரைகளில் பல தாய்ப்பாலில் இறங்கும், குழந்தை மந்தமாகலாம், சரியாகக் குடிக்காமல் போகலாம். அதைவிட, மாத்திரை மயக்கத்தில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவது பெரிய ஆபத்து. மேலே புரண்டாலும் உங்களுக்குத் தெரியாது. எப்போதாவது ஒன்று என்றால் இன்றோடு விடுங்கள். வாரக்கணக்கில் தினமும் போடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி குறைத்து நிறுத்துங்கள். அதுவரை குழந்தை தனிப் படுக்கையில் தூங்கட்டும்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கர்ப்பத்தில் உதிராமல் தங்கிய முடியெல்லாம் பிரசவத்துக்குச் சில மாதம் கழித்துச் சேர்ந்து உதிரும். குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டிப் பெரும்பாலும் சரியாகிவிடும், எண்ணெயை மாற்ற வேண்டாம். மணிக்கட்டு வலி, குழந்தையைக் கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி வந்ததாகத்தான் தெரிகிறது. இளந்தாய்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். உள்ளங்கையை அடியில் கொடுத்து வாரி எடுங்கள், கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் பட்டையைச் சில வாரம் போடுங்கள். படிப்பதால் பார்வை கெடாது, பிரசவமானவருக்கும் கெடாது.

மூளை சுருங்கும் என்று போட்டவர்கள் பாதியைத்தான் போட்டிருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஒரு ஸ்பெயின் ஆய்வில், முதல் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் பெண்களின் மூளையை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். சில பகுதிகளின் அளவு குறைந்திருந்தது உண்மை. ஆனால் அதே பெண்களின் நினைவாற்றலைச் சோதித்தபோது அது குறையவில்லை. மாறியவை அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகள். இந்த மீதிப் பாதியை யாரும் பரப்புவதில்லை. மூன்று மணி வரை விழித்திருந்துவிட்டுக் காலையில் கவுன்டரில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் படித்த பக்கம் மறக்கத்தான் செய்யும். வல்லாரைக்கு இங்கே வேலையே இல்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். படிக்க நேரமில்லை என்று வேலைக்குப் போகும் தாய்கள் பலர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அது கவலை, நோய் இல்லை. அவர்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒன்று படிப்பார்கள், இல்லை முதல் பக்கத்திலேயே தூங்கிப்போவார்கள். இரண்டும் எனக்குச் சம்மதம். உங்களுக்கு நேரமும் கிடைத்தது, புத்தகமும் மடியில் இருந்தது, ஆசைதான் வரவில்லை. ராத்திரியில் தூக்கமும் வரவில்லை. உயிராக இருந்த ஒன்று வெறுமையாகிப்போவதும், குழந்தை தூங்கும்போதுகூடத் தாய்க்குத் தூக்கம் பிடிக்காததும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

பிரசவமான முதல் வாரத்தில் வரும் அழுகை வேறு, அது இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். மனச்சோர்வு முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். எட்டு மாதம் ஆன பிறகு யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிறாள், சிரித்துப் பேசுகிறாள், பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது, அப்புறம் என்ன என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தேதி தவறாமல் தூக்கி வருகிறார்கள், தூக்கி வந்த தாயை ‘நீ எப்படிம்மா இருக்கே’ என்று கேட்க ஆளில்லை. எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரையோ, பிரசவம் பார்த்த மருத்துவரையோ பாருங்கள். ‘வேலை அலைச்சல், வேறொன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள், எனக்கு எழுதியதை அப்படியே காட்டுங்கள். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. 1987-இல் வந்தது, பத்தே கேள்விகள், தமிழிலும் இருக்கிறது. மனதாரச் சிரிக்க முடிகிறதா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா என்றுதான் அது தொடங்கும். கூடவே ஹீமோகுளோபினும், தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிரசவமான முதல் ஆண்டில் தைராய்டு சுரப்பு முதலில் கூடி, பிறகு குறையும். குறையும்போது சோர்வு, மறதி எல்லாம் மனச்சோர்வு போலவே இருக்கும். லேசான மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் ஆலோசனைச் சிகிச்சையே போதும். மாத்திரை தேவைப்பட்டாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை, செர்ட்ரலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் இறங்கும். பெயர் தெரிந்துவிட்டது என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நிற்காதீர்கள், மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும்.

‘நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருக்கும்’, ‘செத்தால் தேவலை’, ‘குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ’ என்று ஒரு தடவை தோன்றினாலும் மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள். உடனே வீட்டில் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

படிப்பை இப்போது கட்டாயமாக்காதீர்கள். இத்தனை பக்கம் என்று வைத்துக்கொண்டால் வங்கி டார்கெட்டோடு இன்னொரு டார்கெட் சேரும். சிகிச்சையில் மனம் தெளியும்போது ஆசை தானாக வரும். அப்போது நாவலை விட்டுவிட்டு, முன்பே படித்துப் பிடித்த சிறுகதை ஒன்றை எடுங்கள். குழந்தையை மடியில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள், அதற்குக் கதை புரியாவிட்டாலும் உங்கள் குரல் பிடிக்கும். வலி குறைந்ததும் தடித்த பென்சிலாக வாங்கி வரையுங்கள்.

அதற்கு முன் உங்களுக்கு வேண்டியது, ராத்திரியில் இடையில் எழாமல் நான்கைந்து மணி நேரம் படுக்கையில் இருப்பது. அந்த நேரத்துக் குழந்தை கணவருடைய பொறுப்பு. நீங்கள் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்த பாலை அவர் கொடுக்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போகப் பாலூட்டுவதற்கென்று வேலை நேரத்தில் தினம் இரண்டு இடைவேளை தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. மேலாளரிடம் கேட்டு, அந்த நேரத்தில் பால் எடுத்து வையுங்கள்.