கரும்பழுப்பு மரம் வீட்டை இருட்டாக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடர்ந்த மர நிறங்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். வெங்கே, வால்நட், கருங்காலி, ஈட்டி என்று பெயர்கள் மாறினாலும் உள்ளே இருக்கும் பயம் ஒன்றுதான்: ஆசைப்பட்டுச் செய்துவிட்டு, அப்புறம் வீடு குகை மாதிரி ஆகிவிட்டால்? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். ஒரே ஒரு ஜன்னல். டிவி மாட்டும் சுவர் முழுவதும் வெங்கே நிறத்தில் பேனல் அடிக்க ஆசை. சின்ன அறைக்கு அடர் நிறம் கூடாது என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

பாதி சரி. அறை சின்னதா பெரிதா என்பதை விட, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தச் சுவரில் விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். வெங்கே போன்ற கரும்பழுப்பு 10 சதவீதம் அனுப்பினாலே அதிகம், மீதியை அதுவே விழுங்கிவிடும். ஆகவே உங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவரில் இதை அடித்தால், அறைக்குள் வரும் ஒரே வெளிச்சமும் அங்கேயே முடிந்துபோகும், நடுப்பகலிலும் விளக்கு போட வேண்டியிருக்கும். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே அடித்தால் வேறு தொல்லை: கறுத்த சுவருக்கு நடுவே பளீரென்று ஒரு கட்டம் தெரிவதால் கண் கூசும்.

மிச்சம் இருப்பது ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ள சுவர். என் மனதுக்குப் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் அங்கே வெளிச்சம் நேராக மோதாமல் மரத்தின் மேல் உரசிக்கொண்டு போகும். வெங்கேயின் அழகே அதன் ரேகையில்தான் இருக்கிறது, பழுப்பு இழையும் கிட்டத்தட்டக் கறுப்பு இழையும் மாறி மாறி ஓடும், தொட்டால் விரலுக்கே அந்த வரிகள் தட்டுப்படும். சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் அது எழும்பித் தெரியும். நேர் வெளிச்சத்திலும் வெளிச்சமே இல்லாத மூலையிலும் அது வெறும் கறுப்புப் பலகை.

உங்கள் டிவி சுவர் இதில் எது என்று கடிதத்தில் இல்லை. பக்கவாட்டுச் சுவராக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் சுவர் முழுவதும் வேண்டாம். டிவியின் அகலத்தை விட இரண்டு பக்கமும் ஓரிரு அடி தாண்டினால் போதும், மற்ற மூன்று சுவரும் கூரையும் வெளிறியே இருக்கட்டும். மற்றவற்றுக்கும் பளீர் வெள்ளை வேண்டாம், மஞ்சள் லேசாகக் கலந்த வெள்ளை இந்தப் பழுப்போடு நன்றாகச் சேரும்.

தச்சரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அதே அடர்பழுப்பில் ஒரு பழைய போர்வையோ திரையோ இருந்தால், பேனல் வரப்போகும் அளவுக்கே அதைச் சுவரில் மாட்டி ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் பாருங்கள், மழைமூட்டமான ஒரு சாயங்காலத்தில் பாருங்கள், ராத்திரி விளக்கு போட்டும் பாருங்கள். நான்காம் நாள் அது இருப்பதே மறந்துபோனால் துணிந்து இறங்கலாம். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் உறுத்தினால், தடுத்தவர்கள் சொன்னது உங்கள் அறையைப் பொறுத்தவரை சரி.

விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலரும் தவறுவது அங்கேதான். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் நீலம் கலந்த வெள்ளை பல்புக்குக் கீழே எந்தக் கரும்பழுப்பும் சாம்பல் பூசியது போலச் செத்துத் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள பல்பை வாங்குங்கள். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், அது 90 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும், அப்போதுதான் மரத்துக்குள் இருக்கும் சிவப்பும் மஞ்சளும் கண்ணுக்கு வரும். அறை நடுவில் ஒரு பெரிய விளக்கை மட்டும் நம்பாமல், பேனலின் மேல் விளிம்பிலிருந்து கீழே வழிகிற மாதிரி ஒரு சின்ன வரிசை போட்டால் ராத்திரியிலும் அந்த ரேகை கிடைக்கும்.

கேள்வி: வால்நட் மேசை ஒன்று வாங்கப் போகிறோம். இப்போது பார்க்க நடுத்தரப் பழுப்பாக இருக்கிறது. போகப் போகக் கறுத்து இன்னும் அழகாகும் என்று நம்பலாமா?

நம்ப வேண்டாம், வால்நட் போகப் போக வெளுக்கும். எல்லா மரமும் வயதானால் கறுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவர். ஜன்னலோரம் ஒரு வால்நட் மேசை போட்டு, அதன் நடுவில் ஒரு துணி விரிப்பை விரித்துப் பல மாதம் அப்படியே விட்டிருந்தேன். துவைப்பதற்காக எடுத்தபோது நடுவில் ஒரு செவ்வகம் வாங்கிய அன்று இருந்த அதே அடர்பழுப்பில், சுற்றிலும் மேசை முழுவதும் தேன் நிறத்துக்கு இறங்கியிருந்தது. விரிப்பின் ஓரத்தில் இருந்த குஞ்சத்தின் நிழல் கூட ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தது. அதைச் சமன் செய்ய விரிப்பே இல்லாமல் ரொம்ப நாள் வெயில் காட்ட வேண்டியிருந்தது.

வெங்கேயும் வெளிச்சத்தில் வெளுக்கிற இனம்தான். மகாகனியும் செர்ரியும் இதற்கு நேர் மாறு, அவை கறுக்கும். படாக் என்ற மரம் அறுத்த புதிதில் ஆரஞ்சுச் சிவப்பாகக் கண்ணைப் பறிக்கும், பிறகு கரும்பழுப்பில் போய் நிற்கும், ஆகவே அந்தச் சிவப்புக்காக மட்டும் அதை வாங்கினால் ஏமாற்றம்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடித்தால் இந்த மாற்றம் மெதுவாகும், நிற்காது. நீங்கள் செய்ய வேண்டியது, முதல் வருடம் மேசை மேல் எதையும் ஒரே இடத்தில் நிரந்தரமாக வைக்காமல் இருப்பது.

கேள்வி: வீட்டில் கதவு, நிலை எல்லாம் தேக்கு. அலமாரிகளை மட்டும் கருமர நிறத்தில் செய்தால் ஒட்டாமல் போகுமா?

போகாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருந்தால்தான் ஒட்டாது, ஏதோ பொருத்தப் பார்த்துத் தவறவிட்டது போலத் தெரியும். தேக்கில் அடியோட்டமாக மஞ்சள் இருக்கிறது. அதோடு மஞ்சள்பழுப்பு ஓட்டமுள்ள வால்நட்டோ வெங்கேயோ சேரும். ஊதாச் சாயல் கொண்ட ஈட்டியோ சிவப்பு மகாகனியோ பக்கத்தில் வந்தால் தேக்கு பச்சையடித்தது போல ஆகிவிடும். மாதிரித் துண்டை உங்கள் கதவின் மேல் வைத்தே பார்த்து எடுங்கள், கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: கருங்காலி, ஈட்டி, வெங்கே இவற்றில் அசல் மரமே வாங்க வேண்டும் என்று என் கணவர். காசும் அதிகம், காட்டை அழிக்கிறோமோ என்ற உறுத்தலும் இருக்கிறது. வெனீரா, லேமினேட்டா, எதில் போவது?

உங்கள் உறுத்தல் நியாயமானது. இந்த மரங்களில் நமக்கு வேண்டிய கறுப்பு முழு மரத்திலும் இருப்பதில்லை, நடுவில் வைரம் பாய்ந்த பகுதியில் மட்டும்தான், சுற்றியிருக்கும் வெளிறு வெளுப்பாகவே இருக்கும். கருங்காலி மிக மெதுவாக வளரும், அதில் அகலப் பலகை கிடைப்பதே அரிது, அதனால்தான் காலங்காலமாகப் பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கும் கிடாரின் கழுத்துப் பட்டைக்கும் கைப்பிடிகளுக்கும் போயிருக்கிறது. அதில் ஒரு முழு அலமாரி என்பது யோசித்துப் பார்த்தாலே பகீரென்கிறது. வெங்கே நடு ஆப்பிரிக்காவின் காங்கோ, கேமரூன், காபோன் பக்கத்துக் காட்டு மரம், அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது. பிரேசிலின் ஈட்டி வகையை 1992லேயே சர்வதேச வணிகத்துக்கு ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டார்கள். 2017 ஜனவரியிலிருந்து ஈட்டி சேர்ந்திருக்கும் டால்பெர்ஜியா பேரினம் மொத்தமும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருகிறது, எல்லை தாண்டிப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த அசல் ஈட்டிதான் என்று முடிவு செய்தால் விற்பவரிடம் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வெனீரில் போவேன். அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவிய அசல் மரத்தோல்தானே அது. ஒரு கட்டையைப் பலகையாக அறுத்தால் ஒரு கதவுக்குக்கூடக் காணாத இடத்தில், சீவினால் பல சுவர்களுக்கு வரும். அதிலும் ரீகான் வெனீர் என்று ஒன்று உண்டு: வேகமாக வளரும் வெளிறிய மரத்தைச் சீவி, சாயம் ஏற்றி, அடுக்கி ஒட்டி, மறுபடி சீவி வெங்கே மாதிரி, கருங்காலி மாதிரிச் செய்திருப்பார்கள். அதுவும் மரம்தான், தொட்டால் மரமாகவே இருக்கும், ரேகை மட்டும் கொஞ்சம் அளவெடுத்தது போல நேர்நேராக ஓடும். வெங்கேக்கு அந்த நேர்க்கோடு இயல்பானது என்பதால் உறுத்தாது. கருங்காலி மாதிரியில் சில நேரம் அது வரிக்குதிரை போல ஆகிவிடுகிறது. வெனீரில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பாலிஷ் பண்ணுபவர் இயந்திரத்தால் அழுத்தித் தேய்த்தால் அந்த அரை மில்லிமீட்டர் ஒரே நிமிடத்தில் போய் அடிப் பலகை எட்டிப் பார்க்கும். கையாலேயே தேய்க்கச் சொல்லுங்கள்.

லேமினேட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் புழங்கும் அறை, சமையலறை, ஈரம் படும் இடம் எல்லாவற்றுக்கும் அதுதான் பொருத்தம். அது அச்சடித்த படம்தான் என்பதால், கையளவு மாதிரியை வைத்து முடிவு செய்யாமல் எட்டுக்கு நாலடி முழுத் தாளையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரே முடிச்சு எத்தனை இடத்தில் திரும்ப வருகிறது என்று அப்போது தெரியும். அடர் நிறத்துக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. லேமினேட்டின் அடிக்காகிதம் கரும்பழுப்பு, வெள்ளை லேமினேட் அலமாரியின் மூலைகளில் கறுப்பாக ஒரு கோடு தெரியுமே, அது இந்தக் காகிதம்தான். கருமர நிறத்தில் அந்தக் கோடு தன்னால் மறைந்துவிடும். கீறல் விழுந்தால் மட்டும் வெள்ளையாகத் தெரியும், அதனால் பளபளப்பு வேண்டாம், மேட் எடுங்கள்.

கணவருக்கும் ஒரு வழி இருக்கிறது. கதவுக் கைப்பிடி, ஒரு சின்னப் பெட்டி, ஒரு முக்காலி என்று கையில் அடிக்கடி படும் ஒரு பொருளை மட்டும் அசல் மரத்தில் செய்துகொள்ளுங்கள். கருங்காலியின் கனமும் குளிர்ச்சியும் கைக்குத்தான் தெரியும், சுவரில் ஒட்டினால் யாருக்கும் தெரியாது.

கேள்வி: பாட்டி காலத்து மர பீரோ ஒன்று, கன்னங்கரேலென்று இருக்கிறது. வெள்ளை பெயின்ட் அடித்தால் புது வீட்டுக்குப் பொருந்தும் என்கிறாள் மகள். அடிக்கலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெயின்டை மரத்தின் துளைகளுக்குள்ளிருந்து திரும்ப எடுப்பது பெரும்பாடு. அந்தக் கறுப்பு மரத்தின் கறுப்புதானா என்று முதலில் பாருங்கள். பழைய சாமான்களில் பெரும்பாலும் அது அரக்குப் பாலிஷும் மெழுகும் கைப்பட்ட எண்ணெயும் அழுக்கும் ஆண்டுக்கணக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியது. பீரோவின் பின்பக்கம் கீழ் மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பாலிஷ் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்து வட்டமாக மெல்லத் தேய்த்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அரக்காக இருந்தால் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுவென்று இளகும், பஞ்சு பழுப்பாகும், இரண்டாவது பஞ்சு அதை விட வெளுப்பாக வரும், நான்காவதோ ஐந்தாவதோ வரும்போது அடியில் சிவப்போ பொன்பழுப்போ ஒரு நிறம் மெல்ல எழுந்து வரும். அதைப் பார்த்த பிறகு உங்கள் மகளுக்கே வெள்ளையடிக்க மனசு வராது என்றுதான் நினைக்கிறேன்.

அடியிலும் கறுப்பாகவே இருந்தால் அது உண்மையான கருமரம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுவரோடு ஒட்டி மூலையில் திணிக்காமல் நாலு விரல் இடம் விட்டு, பின்சுவரை வெளிர் நிறமாக்கி, பக்கத்தில் ஒரு விளக்கு வையுங்கள். கால்கள் உயரமாக இருந்து அடியில் தரை தெரிந்தால் இன்னும் நல்லது, எவ்வளவு பெரிய பீரோவும் இலேசாகத் தெரியும்.

கேள்வி: அடர் நிறத்தில் தூசி அப்பட்டமாகத் தெரிகிறதே, என்ன செய்வது?

தெரியத்தான் செய்யும். பளபளப்பான தட்டையான கறுப்பில் மிக மோசம், ரேகை ஓடும் மேட் பழுப்பில் பாதிதான். உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியே உப்புத்தாள் மாதிரி கீறும், அதனால் நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ரேகை ஓடும் திசையிலேயே துடைத்து, உடனே உலர்ந்த துணி ஒன்றால் ஒத்தி எடுங்கள். சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்பிரேயை மட்டும் தொடாதீர்கள். அடித்த அன்று கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் சில வருடம் கழித்து மறுபாலிஷ் போட வரும்போது அந்தச் சிலிக்கானால் பூச்சு ஒட்டாமல் மீன் கண் மாதிரிக் குழி குழியாக விலகி நிற்கும்.