சனிக்கிழமைச் சந்தையும் ஞாயிற்றுக்கிழமை இலையும்: கேட்டவர்களுக்குப் பதில்

கோயில் அன்னதானத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் காய்கறி வாங்கும் பொறுப்பு பல வருடங்களாக என் தலையில்தான் இருக்கிறது. வார இறுதியில் இங்கே மொரிசியஸில் எங்கே போகலாம், என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தவர்களுக்கு இன்று பதில் எழுதுகிறேன். மீன், இறைச்சி, கைப்பேசி மூன்றையும் பற்றிக் கேட்காதீர்கள்.

எபேனில் வேலை பார்க்கும் தம்பி: அக்கா, நான் சென்னையிலிருந்து புதிதாக வந்திருக்கிறேன். சனி, ஞாயிறு விடுமுறை. சூப்பர் மார்க்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. காய்கறி எங்கே வாங்கலாம்?

தம்பி, மொரிசியஸில் சந்தைக்கு இடம் மட்டும் தெரிந்தால் போதாது, கிழமையும் தெரிய வேண்டும். காத்ர் போர்னில் புதனும் சனியும் காய்கறி. வியாழனும் ஞாயிறும் அதே இடத்தில் துணிமணி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் சட்டைதான் வாங்கி வருவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காய் வேண்டுமென்றால் கிழக்கே ஃப்ளாக் சந்தைக்குப் போங்கள். பெரிய சந்தை, பார்க்கவும் நன்றாக இருக்கும். மாயேபூர் சந்தை திங்கட்கிழமை, உங்களுக்கு உதவாது. போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தை நாள்தோறும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீக்கிரம் கட்டிவிடுவார்கள். நீங்கள் இருக்கும் இடத்துக்கு காத்ர் போர்ன் பக்கம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

இன்னொன்று. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: அட்டையில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் அரைக் கிலோ விலை. கிலோ விலை என்று நினைத்து இரண்டு கிலோ தக்காளி நிறுக்கச் சொல்லிவிட்டு, காசு கொடுக்கும் நேரத்தில் விழிக்காதீர்கள். முதலில் கேளுங்கள்: "அரைக் கிலோவா, கிலோவா?" கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு சுற்று வெறுங்கையோடு நடந்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். வாசலில் இருக்கும் கடைக்காரருக்கு உங்கள் அவசரம் தெரியும்.

வாக்வா வாசகி: சந்தை முடியும் நேரத்தில் போனால் மலிவாகக் கிடைக்குமே?

கிடைக்கும். அன்றைக்கே சமைக்கிறவருக்கு லாபம், வாரம் முழுக்க வைத்துக்கொள்கிறவருக்கு நட்டம்.

பொ பாசன் வாசகி: ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டார் வருகிறார்கள். முதல் தடவையாக ஏழு கறி சமைத்து இலையில் பரிமாறப் போகிறேன். சனிக்கிழமை சந்தையில் என்னென்ன வாங்க வேண்டும், அக்கா? பயமாக இருக்கிறது.

பயப்படாதே அம்மா. ஏழு கறியில் பாதி வேலை சந்தையிலேயே முடிந்துவிடும். எங்கள் வீட்டு ஏழு கறிகளைச் சொல்கிறேன்: வாழைக்காய், பலாக்காய், பூசணி, க்ரோ ப்வா (பெரிய வெள்ளை அவரை விதை), கத்திரிக்காய், சூசூ (சௌசௌ), முருங்கைக்கீரை. ரசம், அச்சார் (ஊறுகாய்), தேங்காய்ச் சட்னி, அப்பளம், பாயசம் எல்லாம் இதற்கு வெளியே.

பலாக்காயில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முள் நெருக்கமாக இருந்தால் இளசு. முள் விலகி, மழுங்கித் தெரிந்தால் முற்றிவிட்டது, கறிக்கு ஆகாது. வெட்டிக் காட்டச் சொல். உள்ளே கொட்டையை நகத்தால் அழுத்தினால் நகம் இறங்க வேண்டும். தோல் சீவி நறுக்கி விற்கிறார்கள். அதை வாங்குவது சோம்பேறித்தனம் அல்ல. ஆனால் பழுப்பேறியிருந்தால் வெட்டி வெகுநேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். முழுக்காயாக வாங்கினால் கத்திக்கும் இரண்டு கைக்கும் எண்ணெய் தடவிக்கொள், மேசையில் பழைய செய்தித்தாள் விரித்துக்கொள். அந்தப் பால் ஒட்டினால் சோப்புக்கு அசையாது.

வாழைக்காய் பட்டை பட்டையாக, கெட்டிப் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் ஓடியிருந்தால் விட்டுவிடு, குழம்பு தித்திக்கும். பூசணியைக் கீற்றாக வெட்டி வைத்திருப்பார்கள். வெட்டுமுகம் ஈரமாகப் பளபளத்து, விதை அதனதன் இடத்தில் ஒட்டியிருந்தால் அன்று வெட்டியது. நூல் நூலாகத் தொங்கினால் நேற்றையது. கத்திரிக்காயில் காம்பின் பச்சையைப் பார்த்தால் போதும். சூசூ எதை எடுத்தாலும் குற்றமில்லை.

க்ரோ ப்வாவைக் கடையில் வாங்கும்போதே சுருக்கம் விழுந்ததா பார். நாள்பட்டது எவ்வளவு கொதித்தாலும் வேகாது. சனிக்கிழமை இரவு படுக்கும் முன் ஊறப் போட்டுவிடு, மறந்துவிடாதே. விதை நன்றாக வெந்த பிறகுதான் தக்காளியோ புளியோ சேர். முன்னால் சேர்த்தால் புளிப்பு பட்டு விதை இறுகிவிடும். மாமியார் வாய்விட்டுச் சொல்லாமல் ஓரமாக ஒதுக்கி வைப்பார்.

முருங்கைக்கீரையைக் கடைசியில் வாங்கு. கட்டை உதறிப் பார்; மஞ்சள் இலை பொலபொலவென்று உதிர்ந்தால் அடுத்த கடைக்குப் போ. வாழையிலையை முதல் நாளே சொல்லி வைத்துவிடு. பரிமாறும் முன் அனலில் லேசாக வாட்டினால் கிழியாது.

விலை கேட்கும்போது: அரைக் கிலோவா, கிலோவா?

ரிவியேர் து ராம்பார் ஐயா: ரசத்தைக் கணக்கில் சேர்க்கவில்லையே அம்மா? எங்கள் ஊரில் ரசமும் சேர்ந்துதான் ஏழு.

சேர்க்க மாட்டேன், ஐயா. கறி என்றால் காயோ கீரையோ இலையில் உட்கார வேண்டும். ரசம் ஓடுகிறது.

ரோஸ் ஹில் வாசகர்: அப்படியானால் அச்சார்? அது உட்காருகிறதே!

உட்காரும். ஆனால் போன மாதம் போட்ட அச்சாரை இன்றைய சமையலில் எப்படி எண்ணுவது? ஜாடியைத் திறப்பது சமையல் ஆகாது.

க்யூர்பிப் வாசகி: எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு தனிக் கறி. அது சரிதானே?

உருளை க்ரோ ப்வாவோடு போகட்டும். எண்ணிக்கை நிரப்ப உருளை போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

மறுபடியும் ரிவியேர் து ராம்பார் ஐயா: அம்மா, நீங்கள் சந்தைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுகிறீர்கள். என் தாயார் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் சமைத்தவர். கொல்லையில் இருந்தது பூசணி, கீரை, வாழை. கடையில் கடனுக்குப் பருப்பு. அதில் ஏழு பண்ண வேண்டுமென்றால் ரசத்தை எண்ணாமல் என்ன செய்வது? சாமிக்கு வைத்த இலை அது.

ஐயா, உங்கள் தாயார் வைத்த இலைக்கு நான் கைகூப்புகிறேன். இல்லாத வீட்டில் ரசத்தை எண்ணியது பக்தி. ஆனால் கார் நிறையப் பை வைத்துக்கொண்டு, சந்தையில் பதினைந்து காய் கண்ணுக்கு முன்னால் குவிந்திருக்க, ஐந்து கறி பண்ணிவிட்டு ரசத்தையும் அச்சாரையும் சேர்த்து ஏழு என்கிறார்களே, அவர்களிடம்தான் என் சண்டை. நேர்த்திக்கடனுக்கு ஏழு என்றால் ஏழு காய் தேடி அலைவதும் அதில் சேர்த்திதான். ஆள் கூடியிருந்தால் அன்னதானத்துக்கு வாழைக்காய் அரியவே நாலு பேர் விடியற்காலையில் உட்காருகிறோம். யாராவது வந்து "அக்கா, ரசத்தைச் சேர்த்துக்கொண்டால் ஒரு கறி குறையுமே" என்று சொல்லட்டும், அரிவாள்மனையை அவர் பக்கம் தள்ளிவிடுவேன்.

ரோஸ் ஹில் வாசகர்: பாயசம்?

உங்களுக்கு விளையாட்டாக இருக்கிறது.

குட்லண்ட்ஸ் வாசகி: என் கணவர் வீட்டில் ஒன்பது வைக்கிறார்கள். அது தப்பா?

தப்பே இல்லை. எனக்கு எப்போது சொல்லி அனுப்புவீர்கள்?

மோக்கா மாணவர்: காய்கறி எங்கே மலிவாகக் கிடைக்கும்?

மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

காத்ர் போர்ன் வாசகி: தைப்பூசத்துக்கு ரோஸ் நிறப் புடவை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் துணிச் சந்தையா, பகதெல் ஷாப்பிங் மாலா, போர்ட் லூயிஸா?

காவடிப் புடவையை ஜனவரியில் தேடுகிறவர்கள் கடைக்காரருக்குப் பிடித்தமானவர்கள். ஊரில் பாதிப் பேர் அதே அடர் ரோஸ் நிறத்தைக் கேட்டு வரும்போது விலை இறங்குமா? இங்கே குளிர்காலத் தள்ளுபடி நடக்கும் ஜூலை, ஆகஸ்டில் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். மாலில் உலாவலாம், குளிர்சாதனக் காற்று வாங்கலாம். புடவைக்கு அது இடமல்ல. கெஜக்கணக்கில் துணி வேண்டுமென்றால் போர்ட் லூயிஸ் கோர்தெரி தெரு. சனிக்கிழமை காலை மெட்ரோவில் போய்விட்டு வந்துவிடலாம், கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்குங்கள். தையலை உள்ளே புரட்டிப் பாருங்கள். நிறம் போகுமா என்று ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். ரோஸ் சாயம் மோசமானது. வியர்வையில் இறங்கி இடுப்பெல்லாம் ரோஸாக நடந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சந்தை முடிந்து நேரம் இருந்தால் கோர் து கார்த் மலைக்கோயிலுக்கு ஏறிவிட்டு வாருங்கள். பக்கத்தில்தான் இருக்கிறது. பைகளோடு ஏறாதீர்கள்.

ஃப்ளாக் பாட்டி: மகளே, வயது எழுபது ஆகிறது. பஸ்ஸில் சந்தைக்கு வந்துபோக முடியுமா?

தாராளமாக வாருங்கள் பாட்டி. 60 வயது தாண்டிய நம் நாட்டவருக்கு 2005 முதல் பஸ் இலவசம். அட்டையை மறக்காதீர்கள். கனமானதைக் கடைசியில் வாங்குங்கள், பஸ் நிற்கும் பக்கத்துக் கடையில்.

எபேன் தம்பியின் நண்பர்: மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து பார்த்தேன், உண்மையா?

உண்மைதான், எண்ணும் இருக்கிறது. 1998ல் புது நோட்டு அச்சடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காசு கொடுக்கும்போது அதை ரசித்துக்கொண்டு நிற்காமல் மீதிச் சில்லறையை எண்ணுங்கள்.

வாக்வா வாசகர்: எந்தக் கைப்பேசி வாங்கலாம்?

முதல் பத்தி.

பாம்ப்ளமூஸ் வாசகி: வார இறுதியில் புயல் எச்சரிக்கை வந்தால் என்ன வாங்கி வைப்பது? எல்லோரும் ரொட்டிக்கு ஓடுகிறார்கள்.

நல்ல கேள்வி. ரொட்டி மறுநாளே காய்ந்துவிடும். முதலாம் எச்சரிக்கையிலேயே முழுப் பூசணி, சூசூ, உருளை, வெங்காயம் வாங்கி வையுங்கள். புயல் அடித்த பின் முதலில் விலை ஏறுவது கீரையும் கொத்தமல்லியும். வயலில் தண்ணீர் நின்றால் அவைதான் முதலில் அழுகும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போன பிறகு கொத்தமல்லிக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவர்கள் பலர். அப்போதெல்லாம் பூசணிதான் வீட்டைக் காப்பாற்றும். மூன்றாம் எச்சரிக்கை வந்த பிறகு எதற்காகவும் வெளியே கிளம்பாதீர்கள், கொத்தமல்லிக்காக நிச்சயம் வேண்டாம்.

திரியோலே வாசகர்: அட்டையில் 40 ரூபாய் போட்டிருந்தது. இரண்டு கிலோ காரட்டுக்கு 160 வாங்கிவிட்டார். ஏமாற்றிவிட்டாரா அக்கா?

இல்லை. அரைக் கிலோ 40 என்றால் இரண்டு கிலோ 160தான். நீங்கள் மேலே எதையும் படிக்கவில்லை.

பொ பாசன் வாசகி, மறுபடியும்: அக்கா, பட்டியல் எழுதிக்கொண்டேன். ஒன்றே ஒன்று. மாமியார் ரசத்தை எண்ணுகிறவராக இருந்தால்?

அப்படியானால் உன் இலையில் எட்டு. கொத்தமல்லியைக் கிள்ளி ரசத்தில் போடு, சூடாக ஊற்று, வாயைத் திறக்காதே.