ஸ்ட்ரென்த் கோச் (விளையாட்டு வீரர்களுக்கு உடல் வலிமைப் பயிற்சி தருபவர்) சர்டிஃபிகேட்டான சிஎஸ்சிஎஸ் பாஸ் பண்ணியும், வேலைக்கு விண்ணப்பித்த அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து பதிலே வரவில்லை

சர்டிஃபிகேட்டில் குறை இல்லை, அணியோடு வேலை செய்த அனுபவம்தான் இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் உயர்ந்த பிரிவான டிவிஷன் 1-ல் ஸ்ட்ரென்த் கோச் என்றால் சர்டிஃபிகேட் கட்டாயம், அதனால் விண்ணப்பிக்கிற எல்லோரிடமும் ஒன்று இருக்கும். நீங்கள் காட்டியிருப்பது பெர்சனல் ட்ரெய்னிங், அவர்களுக்கு வேண்டியது விடிகாலையில் முப்பது பேரை பளு தூக்கும் ரேக் வாரியாகப் பிரித்து ஸ்குவாட் போட வைக்கிற ஆள். எஸ்சிசிசி என்ற இன்னொரு ஸ்ட்ரென்த் கோச் சர்டிஃபிகேட்டுக்கு 640 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமேயில் எந்த அணி, எந்த சீசன், எந்தக் கோச்சுக்குக் கீழே என்று ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் கல்லூரி ஸ்ட்ரென்த் கோச்சையே நேரில் பார்த்து இன்டர்ன்ஷிப் கேளுங்கள்.

ஒன்று, பெரும்பாலும் சம்பளம் இருக்காது. அப்புறம், எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், சேரும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.