மூட்டை இறங்க நான்கு நிமிடம், லோரி நிற்பது இருபது நிமிடம்

கேள்வி: பினாங்கு லிட்டல் இந்தியாவில் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை நடத்தி வருகிறோம். காலை ஒன்பது மணிக்கு மேல் லோரிகள் இரண்டாம் வரிசையில் நின்றுவிடுவதால், வாடிக்கையாளர்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் வரவே தயங்குகிறார்கள். பகலில் லோரிகளைத் தடுத்து, சரக்கு இறக்குவதை இரவுக்கு மாற்றினால் இந்தத் தொல்லை தீராதா?
– மளிகை வணிகர், ஜோர்ஜ்டவுன்

பதில்: தீராது என்றே நினைக்கிறேன். சென்ற மாதம் ஒரு காலையில் உங்கள் தெருமுனைத் தேநீர்க் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லோரி அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, வரிசையாக நின்ற கார்களை ஒட்டி நின்றது. உதவியாள் எட்டு வெங்காய மூட்டைகளைத் தோளில் சுமந்து, ஐந்தடி நடைபாதையைக் கடந்து கடைக்குள் சேர்க்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பில்லில் கையெழுத்திட வேண்டியவர் பசியாறப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, மூட்டைகளை எண்ணி, ஒன்று ஈரமாக இருக்கிறது என்று திருப்பி ஏற்றச் சொல்லி, பழைய பாக்கியைப் பற்றியும் பேசி முடித்து லோரி நகர்ந்தபோது இருபது நிமிடம் கடந்திருந்தது. கதவு திறந்திருந்ததால் உள்ளே எட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. அது கிளம்பிய கையோடு, வேறொரு மொத்த வணிகரின் லோரி அடுத்த கடைக்கு அதே அளவு சரக்கோடு வந்து அதே இடத்தில் நின்றது.

தெருவை அடைப்பது லோரியின் பருமன் அன்று; அது நிற்கும் நேரமும், ஒரே தெருவுக்குக் கால்வாசி நிறைந்து வரும் வண்டிகளின் எண்ணிக்கையும்தான். பெரிய லோரியைத் தடுத்தால் அதே சரக்கு மூன்று வேன்களில் வரும். இரவுக்கு மாற்றலாம் என்றால், கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்களின் தூக்கத்தையும், இரவில் சரக்கை எண்ணி வாங்க நிறுத்தும் ஆளின் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெதர்லாந்தில் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை சரக்கு இறக்குவோர், ஏழரை மீட்டர் தூரத்தில் அளந்தால் 60 டெசிபலைத் தாண்டாத அளவுக்குச் சத்தத்தை அடக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. அதற்கென்றே தள்ளுவண்டிச் சக்கரம் முதல் லோரிக் கதவு வரை மாற்றி அமைத்தார்கள். நம் தெருவில் இரும்புக் கதவை ஏற்றும் சத்தம் ஒன்றே போதும், அந்த வரம்பை மீறுவதற்கு.

எனவே நான் சொல்லக்கூடியது, சரக்கைச் சேர்த்துக் கொண்டுவருவதுதான். ஜப்பானில் ஃபுக்குவோக்கா நகரின் தென்ஜின் வட்டாரத்தில் 1978 முதலே, பல நிறுவனங்களின் சரக்கை ஓரிடத்தில் சேர்த்துப் பொது வண்டிகளில் கடைகளுக்கு அனுப்பும் முறை இருந்துவருகிறது. நமக்கு அந்த ஓரிடம் பாலத்துக்கு அப்பால், தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை வட்டாரத்தில் அமைவதே பொருத்தம். பினாங்குப் பாலத்தில் தீவுக்கு வரும் திசையில் மட்டும் டோல் வாங்குகிறார்கள். நிறைந்த லோரிக்கும் கால்வாசி லோரிக்கும் கட்டணம் ஒன்றே என்பதால், நான்கு வண்டியின் சரக்கை ஒரே வண்டியில் ஏற்றினால் மிச்சமாவது முதலில் உங்கள் பணம்தான்.

போட்டிக் கடைக்காரருக்கு நம் கொள்முதல் தெரிந்துவிடுமே என்று தயங்குவீர்கள். பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி எனப்பட்ட வட்டித்தொழில் கூடங்களில் ஒரே கூரையின் கீழ்ப் பல செட்டியார் நிறுவனங்கள், ஆளுக்கொரு பெட்டகமும் தனித்தனிக் கணக்குமாகத் தொழில் நடத்தியவைதாமே! ஒன்றை மட்டும் முன்கூட்டியே கவனியுங்கள். சி வகை உரிமம் உள்ள லோரி சொந்தச் சரக்கை மட்டுமே ஏற்றலாம். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற ஏ வகை உரிமம் வேண்டும். ஆகவே உங்களில் ஒருவருடைய லோரியை எல்லாருக்கும் ஓட்டுவதைவிட, ஏ உரிமம் பெற்ற போக்குவரத்து நிறுவனத்தோடு சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம் செய்வது நல்லது.

தைப்பூசத்துக்கு வெள்ளி இரதம் புறப்படும் நாளில் தெரு மூடப்படும் என்று தெரிந்து, எல்லாரும் முன்னதாகவே சரக்கை இறக்கிக்கொள்கிறீர்கள். அந்த ஒழுங்கில் பாதியை மற்ற நாட்களிலும் காட்டி, காலை ஆறரை முதல் எட்டரை வரை கையெழுத்திட ஒருவரைக் கடையில் நிறுத்தினால், மாநகர் மன்றத்திடம் சரக்கு இறக்கும் இடம் கேட்கும்போது உங்கள் பேச்சுக்கு எடை கூடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபிக்க வேண்டாம்: நான் வந்து பார்த்த காலையில் கடை வாசல்களை அடைத்து நின்ற கார்களில் சில, கடைக்காரர்களுடையவையே.

கேள்வி: பொட்டலங்களை வீடுவீடாகச் சேர்க்கும் வேன் ஓட்டுகிறேன். பாயான் பாரு அடுக்குமாடிகளில் ஆள் இல்லாததால் ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று முறை போகிறேன். இதற்கு என்ன வழி?
– வேன் ஓட்டுநர், பட்டர்வர்த்

பதில்: வீட்டு வாசல் வரை போவது என்ற ஏற்பாட்டையே குறைப்பதுதான் வழி. சிங்கப்பூரில் 2021-இல் தொடங்கிய பொதுப் பொட்டலப் பெட்டகங்களில் பல கூரியர் நிறுவனங்களும் பொருளை வைக்கலாம்; வாங்குபவர் தமக்கு வசதியான நேரத்தில் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பெட்டகம் வைத்தால் கீழ்த்தளத்தில் இடம் போதாது. எல்லாருக்கும் பொதுவானதாக இருப்பதில்தான் பயன். அது வரும்வரை, கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஒருவரிடம் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று சிறு தொகை பேசி ஒப்படைக்கலாம். வாங்குபவரின் சம்மதத்தை முன்பே பெற்றுவிடுங்கள். பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் பொட்டலங்களுக்கு இது ஒத்துவராது. அவற்றை மாலை ஆறு மணிக்கு மேல் ஒரே சுற்றில் முடிப்பது நல்லது.

கேள்வி: பாலங்களில் நெரிசலைக் குறைக்க, பழையபடி ஃபெரியில் சரக்கு வண்டிகளை ஏற்றக்கூடாதா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: நான்கு சக்கர வண்டிகளை ஏற்றிய ஃபெரி சேவை 2020 இறுதியோடு நின்றது; 2023-இல் வந்த புதிய ஃபெரிகள் பயணிகளுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் உரியவை. எனவே 1985-இல் திறந்த முதல் பாலமும் 2014-இல் திறந்த இரண்டாம் பாலமுமே லோரிகளுக்கு வழி. மறுபடி ஃபெரியில் ஏற்றினாலும் அவை கரையிறங்குவது வெல்ட் கீயில்தான், அதாவது மேலே மளிகை வணிகர் முறையிட்ட அதே தெருக்களின் வாசலில். பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளில் அடங்கும் மருந்து, பூ, உதிரிப் பாகம் போன்றவற்றுக்கு இன்றைய ஃபெரியே போதும்.